பழைய மிதிமிஷினில் நூல் தொல்லை: திருகைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஜூன் மாதத் தொடக்கத்தில் பள்ளி திறக்கும் என்பதால், அதற்கு முந்தைய சில வாரங்களில் யாங்கோனில் தையல் தெரிந்தவர் இருக்கும் வீடுகளில் மிஷின் ஓய்வதில்லை. பிள்ளைகளின் பச்சைக் கைலிக்குப் பக்கத் தையல் போடவும், வெள்ளைச் சட்டையின் கிழிந்த அக்குளை அடைக்கவும், மூலையில் துணி போர்த்திக் கிடந்த பாட்டி காலத்துச் சிங்கரோ சீனத்துப் பட்டர்ஃபிளையோ மீண்டும் கூடத்துக்கு வருகிறது. மின்சாரம் எந்த நேரத்தில் போகும் என்று சொல்ல முடியாத ஊரில், காலால் மிதித்து ஓட்டும் மிஷின் வெறும் பழம்பொருள் அன்று. வேலை தடையின்றி நடப்பதற்கு அதுவே துணை. ஆனால் புதிதாக அதன் முன் உட்காருபவர் பெரும்பாலும் முதல் நாளிலேயே மூன்று தொல்லைகளில் ஒன்றைச் சந்தித்துவிடுகிறார்: துணியின் அடியில் நூல் கூடு கட்டுகிறது, மேல்நூல் அடிக்கடி அறுகிறது, அல்லது தையல் விட்டுவிட்டு விழுகிறது.

என்னிடம் தையல் கற்க வரும் பெண்கள், இந்த மூன்றில் எது நேர்ந்தாலும் உடனே நூலின் இறுக்கத்தை மாற்றும் திருகைத்தான் தேடுகிறார்கள். நானும் கற்ற காலத்தில் அப்படியே செய்தேன். அம்மாவின் மிஷினில் பாபின் கேஸின், அதாவது அடிநூல் சுற்றிய பாபின் என்ற சிறு உருளையை வைக்கும் உறையின், சிறு திருகை முழுவதும் கழற்றி, அது பலகை இடுக்கில் விழுந்து தொலைந்துபோனதால், அந்த மிஷின் ஒரு மாதம் ஓடாமல் நின்றது. கடைசியில் பார்த்தால், ஊசியைத் திருப்பி மாட்டியதுதான் கோளாறு. ஆகவே இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான்: நூல் கோர்த்த விதம், ஊசி, நூல், பாபின், தூசி ஆகிய ஐந்தையும் இதே வரிசையில் பார்த்து முடிக்கும்வரை எந்தத் திருகையும் தொடக் கூடாது. இந்த ஐந்தையும் பார்க்கக் காசு செலவாகாது. செலவானாலும் ஒரு புது ஊசியின் விலைதான்.

தையல் விழும் முறை

கோளாற்றைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், ஒரு தையல் எப்படி விழுகிறது என்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஊசித்தட்டின் பக்கத்திலுள்ள நகரும் மூடியைத் திறந்து, துணி இல்லாமல், கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஊசி மேல்நூலைத் துளைக்குள் கொண்டுபோய், அடியைத் தொட்டு ஓரிரு மில்லிமீட்டர் மேலே எழும்பும்போது, ஊசியின் பின்பக்கத்தில் நூல் தளர்ந்து ஒரு சிறு வளையமாக விரிகிறது. அந்த வளையத்துக்குள் ஷட்டில் என்ற பிறை வடிவ உறுப்பின் கூர்முனை நுழைந்து, அதை இழுத்துப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. பிறகு மேலே இருக்கும் நூல் இழுப்பான், அதாவது மிஷினின் முகத்தில் ஏறி இறங்கும் துளையுள்ள அந்தக் கம்பி, மீதமுள்ள நூலை மேலே இழுத்து முடிச்சைத் துணியின் நடுவில் இறுக்குகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. முதலாவது, அடியில் வளையம் வளையமாக நூல் குவிந்தால், அது மேலே இழுக்கப்படாமல் கிடக்கும் மேல்நூல். எனவே கோளாறு கீழே தெரிந்தாலும் காரணம் மேலே இருக்கிறது. புதியவர்கள் அடியில் குவியலைக் கண்டதும் பாபினைக் குற்றம் சொல்வது இதனால்தான் தவறாகிறது. இரண்டாவது, நூலின் ஒரே துண்டு தையலாக விழுவதற்கு முன் ஊசிக்காதின் வழியாகப் பலமுறை மேலும் கீழும் போய்வருகிறது. நூல் மட்டமாக இருந்தாலும், ஊசிக்காது கரடாக இருந்தாலும், அந்த உரசலிலேயே பிரி பிரியாகப் பிய்ந்துவிடும்.

முதலில் நூலை உருவிவிட்டு மறுபடியும் கோர்த்துப் பாருங்கள்

பாதத்தை உயர்த்தி வைத்துக்கொண்டுதான் நூல் கோர்க்க வேண்டும். பெரும்பாலான மிஷின்களில், துணியை அழுத்தும் பாதம் உயர்ந்திருக்கும்போது மேல்நூலை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் விலகி நிற்கும். பாதம் இறங்கும்போது அவை நூலைக் கவ்வும். பாதத்தை இறக்கிவிட்டு நூல் கோர்த்தால், நூல் தட்டுகளுக்கு நடுவில் போகாமல் விளிம்பின் மேலேயே படுத்துக்கொள்ளும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். முதல் மூன்று தையலிலேயே அடியில் கூடு கட்டும்.

நூல்கண்டிலிருந்து புறப்பட்ட நூல், மேலேயுள்ள வழிகாட்டிக் கொக்கிகளைத் தாண்டி, டென்ஷன் தட்டுகளுக்கு இடையே நுழைந்து, அங்கேயே இருக்கும் மெல்லிய சுருள்கம்பியைப் பிடித்துக்கொண்டு, நூல் இழுப்பானின் துளைக்குள் ஏறி, பின் இறங்கி ஊசிப் பிடியின் கொக்கி வழியாக ஊசிக்காதை அடைய வேண்டும். இவற்றில் புதியவர்கள் தவறவிடுவது இரண்டு இடங்களை. நூல் இழுப்பானின் துளையைத் தவறவிட்டால், சில தையலுக்குள் மிஷின் சிக்கி நின்றுவிடும் என்பதால் அது உடனே தெரிந்துவிடுகிறது. சுருள்கம்பியைத் தவறவிடுவது அப்படியன்று. தையல் ஓடும், ஆனால் அடியில் அங்கங்கே தளர்ந்த வளையங்கள் தெரியும். ஊசி கீழே இறங்கும்போது நூல் தொய்ந்து ஊசிமுனையில் மாட்டிக்கொள்ளாதபடி பிடித்துவைப்பதே அந்தக் கம்பியின் வேலை. ஊசிமுனை துணியைத் தொடும் வரை அது நூலை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அது ஒடிந்தோ வளைந்தோ இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கோர்த்து முடித்ததும், பாதம் உயர்ந்திருக்கும் நிலையில் ஊசிப் பக்கத்து நூலை இழுங்கள், தடையின்றி வரும். பாதத்தை இறக்கி மறுபடியும் இழுங்கள்; ஊசி சற்று வளையும் அளவுக்குப் பிடிப்பு இருக்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே மாதிரி தளர்வாக வந்தால், நூல் தட்டுகளுக்குள் போகவில்லை, அல்லது தட்டுகளுக்கு நடுவில் அழுக்கு அடைத்திருக்கிறது.

விளக்கு இல்லாத மாலை நேரங்களில் நூல் கோர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. என் மாணவிகளின் மிஷின்களில் நான் கண்ட கூடுகளில் பாதிக்கு மேல், மின்சாரம் போன பிறகு மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவசரமாகக் கோர்த்ததால் வந்தவை.

ஊசி

வளைந்த ஊசியும் முனை மழுங்கிய ஊசியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊசியைக் கழற்றி, அதன் தட்டையான பக்கம் கண்ணாடியில் படும்படி படுக்கவைத்து, கண்ணாடிக்கும் ஊசியின் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி நுனிவரை ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். முனையை நகத்தின் மேல் லேசாக இழுத்தால், மழுங்கிய ஊசி நகத்தில் கீறல் போடும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை ஊசியை மாற்றுவது நல்லது என்பார்கள். வீட்டுத் தையலில் அவ்வளவு கணக்குப் பார்க்க முடியாது என்றாலும், ஒரு வருடமாக மிஷினிலேயே இருந்த ஊசியோடு புதுத் துணியைத் தொடக் கூடாது.

ஊசியை மாட்டும் திசையைக் குறித்துக் கற்பவர்களுக்கு இருக்கும் குழப்பம் மிகப் பெரியது. மிஷினுக்கு மிஷின் அது மாறுவதே காரணம். மனப்பாடம் செய்யாமல் இப்படி நினைவில் கொள்ளுங்கள்: ஊசியின் ஒரு பக்கத்தில் மேலிருந்து காது வரை நீளமான பள்ளம் ஓடுகிறது, நூல் அந்தப் பள்ளத்தின் பக்கமாக நுழைந்து, தட்டையான பக்கமாக வெளியேற வேண்டும். தட்டைப் பக்கம் எப்போதும் ஷட்டிலின் கூர்முனையைப் பார்த்து நிற்கும். சிங்கர் 15 வகையிலும், அதைப் பார்த்துச் செய்யப்பட்ட சீன, ஜப்பானிய மிஷின்களிலும் பாபின் கேஸ் இடக்கைப் பக்கத்திலிருந்து நுழைவதால், தட்டைப் பக்கம் இடப்புறமாகவும், நூல் வலமிருந்து இடமாகவும் அமைகிறது. சிங்கர் 66 வகையில் இது நேர்மாறு. எண்ணோடு கே என்ற எழுத்து சேர்ந்திருந்தால், ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் கில்போவி என்ற இடத்திலிருந்த தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்று பொருள். 1980இல் மூடப்பட்ட அந்தத் தொழிற்சாலையின் மிஷின்கள் இன்றும் இங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஊசி முழுவதும் மேலே ஏறி முட்டிய பிறகே பிடியின் திருகை இறுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கீழே நின்றாலும், ஷட்டிலின் முனை வளையத்தைத் தவறவிடும். தையல் விட்டுவிட்டு விழுவதற்கு மிகப் பொதுவான காரணம் இதுவே. இன்னொன்றையும் கவனியுங்கள். லைங் தாயாப் பக்கத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பயன்படும் ஊசிகளின் மேற்பகுதி முழு உருண்டையாக இருக்கும். அவற்றைச் சந்தையில் மலிவாகக் கண்டு வாங்கிவிடாதீர்கள். வீட்டு மிஷினுக்கு வேண்டியது, மேற்பகுதி ஒரு பக்கம் தட்டையான 15x1 வகை ஊசி.

ஊசியின் எண்ணைப் பொறுத்தவரை, சாதாரணப் பருத்திச் சட்டைத் துணிக்கும் கைலிக்கும் 14 போதும். அமரபுரப் பட்டுக்கு 9 அல்லது 11 வேண்டும். முரட்டுக் கால்சட்டைத் துணிக்கு 16 அல்லது 18. மெல்லிய ஊசியில் தடித்த நூலைக் கோர்த்தால், நூல் ஊசியின் பள்ளத்துக்குள் அடங்காமல் துணியில் உரசி அறுகிறது.

நூல்

பாட்டியின் தகரப் பெட்டியில் கிடைத்த மரக்கட்டை நூல்கண்டுகள் அழகானவை, தைக்க உதவாதவை. பருத்தி நூல் ஈரத்திலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் உள்ளுக்குள் இற்றுப்போகிறது. ஒரு முழம் நூலை இரு கைகளிலும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். நல்ல நூல் சற்றுத் தாங்கி, டப்பென்ற ஓசையோடு அறும். இற்ற நூல் ஓசையின்றிப் பிரிந்துவிடும். இற்றதை அடுப்பு மூட்டத்தான் பயன்படுத்தலாம். முன்பு சூரத்தி பஜார் எனப்பட்ட தெயின்ஜி சந்தையில் வாங்கும்போதும், கண்டிலிருந்து சிறிது நூலை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடையிடையே தடிப்பும் முடிச்சும் இருந்தால், அந்தத் தடிப்பு ஊசிக்காதை அடையும் ஒவ்வொரு முறையும் நூல் அறும்.

பெரிய கூம்புக் கண்டுகளை மிஷினின் மேலிருக்கும் சிறிய கம்பியில் செருகினால், அவை சுழலாமல் நூலை இழுத்துப் பிடிக்கும். டென்ஷன் தானாகவே கூடிவிட்டதுபோல் தோன்றும். கூம்பைத் தேநீர்க் கோப்பையிலோ கண்ணாடிப் புட்டியிலோ மிஷினுக்குப் பின்னால் நிறுத்தி, நேர்மேலே ஒரு கம்பி வளையத்தின் வழியாக நூலை ஏற்றி, அங்கிருந்து மிஷினுக்குக் கொண்டுவாருங்கள். கூம்பின் நூல் மேல்நோக்கி உருவப்படுவதற்காகவே சுற்றப்பட்டது.

பாபின்

பாபினில் நூல் சீராகவும் இறுக்கமாகவும் சுற்றப்பட்டிருக்க வேண்டும். விளிம்பைத் தாண்டிப் பிதுங்கக் கூடாது. பழைய நூலின் மேலேயே புது நூலைச் சுற்றுவது, வேலையை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றினாலும், அடிநூல் குதித்துக் குதித்து வருவதற்கு வழி செய்கிறது. 15 வகைப் பாபினும் 66 வகைப் பாபினும் கையில் எடுத்தால் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் மாட்டிக்கொள்ளவும் கூடும். தையல் மட்டும் ஒருநாளும் சரியாக வராது.

15 வகையில், பாபினை கேஸில் போட்டு நூலைப் பிளவுக்குள் இழுக்கும்போது, நூல் தான் வந்த திசையிலேயே நேராக ஓடிவிடாமல், திரும்பிப் பின்னோக்கி மடங்கி நுழைய வேண்டும். அப்போதுதான் அது தகட்டின் அடியில் நிலையாக நிற்கும். பிறகு கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். அதன் எடையை நூல் தாங்க வேண்டும். மணிக்கட்டை லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். அசையாமலே இருந்தால் இறுக்கம் அதிகம். கையை எடுத்ததும் தரைவரை ஓடிவிட்டால் தளர்வு அதிகம். எதையும் திருகுவதற்கு முன், தகட்டின் அடியில் நூல்துணுக்கு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். துணியின் ஓரத்துப் பஞ்சு ஒரு நூலளவு உள்ளே இருந்தாலும் தகடு தூக்கிக்கொண்டு, பிடிப்பு முற்றிலும் போய்விடும்.

தூசியும் எண்ணெயும்

ஊசியைக் கழற்றிவிட்டு, ஊசித்தட்டின் இரு திருகுகளையும் நீக்கி, தட்டைத் தூக்குங்கள். துணியை நகர்த்தும் பற்களுக்கு நடுவே, கம்பளித்துணி போல இறுகிய பஞ்சு இருக்கும். பழைய பல்துலக்கியாலும் இடுக்கியாலும் அதை எடுங்கள். வாயால் ஊதினால் உமிழ்நீரின் ஈரம் துருவாகும். பிறகு பாபின் கேஸை எடுத்து, ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தின் தாழ்களைத் திறந்து, பிறை வடிவ ஷட்டிலை வெளியே எடுங்கள். உங்கள் மிஷினில் தாழ் இல்லாமல் திருகு இருந்தால், கழற்றும் வரிசையைத் தாளில் வரைந்துகொண்டு கழற்றுங்கள். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்வது நல்லது. ஷட்டில் ஓடும் பள்ளத்தில் அரை அங்குல நூல்துணுக்கு ஒன்று சிக்கியிருந்தாலே, மிஷின் கனமாக ஓடுவதும் சக்கரம் நடுவில் நிற்பதும் நேரும்.

துடைத்த பின் அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெயையோ சமையல் எண்ணெயையோ விடவே கூடாது. சில மாதங்களில் அது பிசினாகி இறுகிவிடும். அப்படி இறுகிப்போன மிஷினுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, துடைத்து, அதன் பிறகே புது எண்ணெய் இட வேண்டும்.

டென்ஷன் தட்டுகளையும் மறக்கக் கூடாது. பாதத்தை உயர்த்தி, மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய துணிநாடாவைத் தட்டுகளுக்கு நடுவே முன்னும் பின்னும் இழுங்கள். ஊசியாலோ கத்தியாலோ சுரண்டினால் கீறல் விழும். கீறல் விழுந்த தட்டு நூலைப் பிய்க்கும். 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் எங்கள் வீட்டுக் கூரை போய், அம்மாவின் மிஷின் இரண்டு நாள் மழையில் நனைந்தது. வெளிப்புறத்தைத் துடைத்து எண்ணெய் போட்டதும் அது ஓடியது. ஆனால் பல வாரங்களுக்கு நூல் அறுந்துகொண்டே இருந்தது. தட்டுகளின் உட்புறத்தில் படிந்திருந்த துருவை யாரும் பார்க்கவில்லை. அவற்றைக் கழற்றி, மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய அன்றே அறுவது நின்றது.

இனி டென்ஷன் திருகு

மேலே சொன்னவை எல்லாம் முடிந்த பிறகும் தையல் சரியில்லை என்றால், மேல்நூலுக்குச் சிவப்பும் அடிநூலுக்கு வெள்ளையும் போட்டு, தைக்கப்போகும் துணியின் துண்டை இரண்டாக மடித்துத் தைத்துப் பாருங்கள். நீலநிறத் துணியாக இருந்தால் இரு நிறமும் தெளிவாகத் தெரியும். துணியின் மேற்புறத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் மேல்நூல் அதிக இறுக்கம். அடிப்புறத்தில் சிவப்பு தெரிந்தால் மேல்நூல் தளர்வு. மேல் திருகை வலப்பக்கம் சுற்றினால் இறுகும். எண் வட்டம் உள்ள மிஷினில் 4இல் தொடங்கி, ஒவ்வோர் எண்ணாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு சாண் நீளம் தைத்துப் பார்க்க வேண்டும். எப்போதும் பாதத்தை இறக்கிவைத்துக்கொண்டே திருகுங்கள்.

பாபின் கேஸின் திருகைத் தொட வேண்டிய நாள் மிக அரிதாகவே வரும். அப்படி வந்தால், திருகின் பள்ளம் கடிகாரத்தில் எந்த மணியைக் காட்டுகிறது என்று எழுதிவைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் அறுந்தால்

நூல் பிசிறு பிசிறாகப் பிய்ந்து அறுகிறதென்றால், ஏதோ ஒரு கரடு அதை அறுக்கிறது. முன்பு எப்போதோ ஊசி ஒடிந்தபோது ஊசித்தட்டின் துளையிலோ ஷட்டிலின் முனையிலோ கீறல் விழுந்திருக்கும். பஞ்சுத் துண்டையோ பழைய நைலான் காலுறையையோ அந்த இடங்களில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள்; இழை மாட்டும் இடமே கரடு இருக்கும் இடம். துளையின் கரட்டை நுண்ணிய உப்புத்தாளை நூல்போல் முறுக்கி உள்ளே விட்டுத் தேய்த்து நீக்கலாம். ஷட்டிலின் முனையை மட்டும் நீங்களே தேய்க்க வேண்டாம். அதன் கூர்மை குறைந்தால் தையலே விழாது.

தையலின் தொடக்கத்திலேயே அறுந்தால், காரணம் பெரும்பாலும் கையிலும் காலிலும் இருக்கிறது. நூல் இழுப்பான் உச்சியில் இருக்கும்போது தொடங்குங்கள். இரு நூல்களையும் பாதத்தின் அடியில் பின்பக்கம் விட்டு, முதல் இரண்டு மூன்று தையல் முடியும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். மிதியை அழுத்துவதற்கு முன் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள். சக்கரம் எதிர்ப்பக்கம் அரைச் சுற்றுப் போனாலும் நூல் ஷட்டிலில் சுருண்டு அறும். மழைக்காலத்தில் தோல் பெல்ட் தளர்ந்து வழுக்குவதால் இந்தப் பின்னோட்டம் அதிகமாகிறது. ஒரு விரல் அகலம் வெட்டி, கம்பிக் கொக்கியால் மறுபடி இணைத்தால் தீரும். துணியைப் பின்னாலிருந்து இழுக்கவும் கூடாது. பெண்கள் உடுத்தும் கைலியான தமெய்னின் இடுப்பில் கறுப்புப் பட்டி சேர்க்கும் இடத்தில் தடிப்பு அதிகம் என்பதால் அங்கே இழுக்கும் ஆசை வரும். இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் இடித்து, மேலே சொன்ன கரடு அப்போதே உண்டாகும். அந்த இடத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை இறக்குங்கள்.

இவ்வளவும் பார்த்த பின்னும் தையல் விட்டுவிட்டே விழுந்தால், ஊசிக்கும் ஷட்டிலுக்கும் இடையிலுள்ள நேரப் பொருத்தம் விலகியிருக்கலாம். அது பழுதுபார்ப்பவரின் வேலை. அவரிடம் போகும்போது, இருநிற நூலில் நீங்கள் தைத்துப் பார்த்த துணித் துண்டையும், அப்போது மிஷினில் இருந்த ஊசியையும் பாபினையும் நூலையும் அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.